ஃப்ரிட்ஜ் நோட்டில் ஓர் அடித்தல்

மார்ச் 3, செவ்வாய்

பல வருடங்களுக்கு முன் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்று கேட்டாள்: "சார், ரப்பர் வெச்சு அழிச்சா, தப்பு எங்க சார் போகும்?"

கணக்குப் பாடவேளை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தபடி, "தூளாகி உன் மடியில விழும், தட்டி விட்டுட்டு உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். பதில் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அது ஏன் இன்று ஞாபகம் வந்தது? ஓய்வுபெற்று நான்கு வருடம் கழித்து எனக்கு மறுபடியும் ஒரு நோட்டும் பென்சிலும் ஒரு பொறுப்பும் கிடைத்திருக்கின்றன. கொடுத்தவள் மருமகள். மாடியில் எங்கள் வீடு, கீழே அவளுடைய மருந்துக் கடை. போன மாதம் மருந்து ஆய்வாளர் வந்து கடையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு ஒன்பது குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காலாவதியான இருமல் மருந்து விற்கிற அலமாரியிலேயே நின்றது. மருந்து ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் பாட்டில். அந்த ஃப்ரிட்ஜின் குளிர் எவ்வளவு என்று யாரும் எழுதி வைத்ததே இல்லை. இந்த மாதிரி ஒன்பது.

முப்பது நாளுக்குள் எல்லாம் சரியாக வேண்டும். அதற்குள் ஆய்வாளர் மறுபடி வருவார். எந்த நாள் என்று சொல்ல மாட்டார். அப்போதும் குறை இருந்தால் லைசென்ஸை நிறுத்தி வைத்துவிடுவார்களாம். எட்டு வருடமாக நின்ற காலோடு அவள் நடத்திவரும் கடை.

"மாமா, உங்களுக்கு ஒரே ஒரு வேலை. காலைல ஒன்பதுக்கும் மத்தியானம் மூணரைக்கும் ஃப்ரிட்ஜ் மேல இருக்கற மீட்டரைப் பார்த்து எழுதணும். ரெண்டு டிகிரிக்குக் கீழ போகக் கூடாது, எட்டுக்கு மேல போகக் கூடாது."

"போனா?"

"உடனே எங்கிட்ட சொல்லணும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா. அதான் பயமா இருக்கு."

மார்ச் 5, வியாழன்

இன்று பிற்பகல் கடை மூடியிருந்த நேரத்தில் அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். எல்லாப் பெட்டிகளும் உயரப்படி. குட்டையானது முன்னால், நெட்டையானது பின்னால், இறைவணக்கக் கூட்டம் மாதிரி. எட்டி நின்று பார்த்தபோது எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது.

நான்கு மணிக்கு மருமகள் வந்தாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"மாமா, யாரு இப்படி... நீங்களா? இதுல எது முதல்ல காலாவதி ஆகுதோ அதுதான் முன்னால நிக்கணும். ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் முழிச்சிருந்து அடுக்கினேன் மாமா!"

அப்போதுதான் புரிந்தது. பள்ளி விட்டதும் எந்தப் பிள்ளைக்கு முதல் பஸ்ஸோ, அந்தப் பிள்ளையைத்தானே வாசல் பக்கம் நிறுத்துவோம்? உயரமா பார்ப்போம்? இதைச் சொன்னேன். "சரியான உதாரணம் மாமா. முன்னாடியே தோணியிருக்கலாம்" என்றாள். இருவரும் ஏழு மணி வரை மறுபடி அடுக்கினோம்.

மார்ச் 7, சனி

இந்த வாரத்து நோட்டை முடித்துவிட்டேன். என் முறை பழைய முறைதான். முதலில் பென்சில். சனிக்கிழமை உட்கார்ந்து, பென்சில் எண்களின் மேலேயே பேனாவால் எழுதி, மை காய்ந்ததும் ரப்பரால் ஒரு தடவு. பக்கம் பளிச்சென்று இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் சொன்னது வீண்போகுமா? அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டுக்கு எப்போதும் இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தருவேன்.

மீட்டர் 4.7, 5.2 என்று தசமத்தில் காட்டுகிறது. எல்லாவற்றையும் அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றி 5 என்று எழுதிவிடுகிறேன். பார்க்க லட்சணமாக இருக்கிறது: 5, 5, 5, 5.

போஸ்ட்மாஸ்டர் இன்சுலின் விலை விசாரிக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். வேலையை விட்டு என்னைப் போலவே நான்கு வருடம் ஆனாலும் தெருவுக்கே இன்னும் போஸ்ட்மாஸ்டர்தான். "என்ன வாத்தியாரே, ஃப்ரிட்ஜுக்கு மார்க் போடறீங்களா? எல்லாத்துக்கும் அஞ்சுதானா? ஃபெயிலாக்கிட்டீங்களே பாவம்!"

"நூத்துக்கு அஞ்சு இல்லய்யா, அஞ்சுக்கு அஞ்சு" என்றேன்.

பி.கு.: இந்த டைரியை என் மனைவி படிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். மூன்றாம் தேதிப் பக்கத்தில் கோதுமை மாவில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது. நான் மாவு பிசைவதில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வெயில் கடுமை. ஃப்ரிட்ஜ் ஐந்து. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 11, புதன்

விசேஷம் இருந்தது.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

நேற்றுக் காலை அரைத் தர்ப்பூசணி வாங்கி வந்தேன். வீட்டு ஃப்ரிட்ஜில் இடமில்லை. மதியம் ஒரு மணிக்கு மருமகள் கடையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பேத்தியின் பள்ளிக் கூட்டத்துக்குக் கிளம்பினாள். மருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டு காலியாகத்தான் கிடந்தது. கதவில் "மருந்துக்கு மட்டும்" என்று அவள் ஒட்டிய காகிதம். படித்தேன். படித்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? "அது தண்ணீர் பாட்டிலுக்குச் சொன்னது" என்று நினைத்து, பழத்தை உள்ளே தள்ளிவிட்டேன்! எத்தனை மாணவர்கள் இதே மாதிரி நியாயம் பேசி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

மூன்றரைக்குப் போய்ப் பார்த்தால் கதவு ஒரு விரற்கடை திறந்து நிற்கிறது. தர்ப்பூசணியின் தொந்தி கதவைத் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறது. மீட்டரில் 11.4.

கை தன்பாட்டில் நோட்டில் 11 என்று எழுதியது. அதுவரை நல்ல பிள்ளை. பிறகு பழத்தை வெளியே எடுத்தேன், கதவை அழுத்தி மூடினேன், பழத்தைத் தெருவில் நின்ற ஆட்டுக்குப் போட்டேன். நான்கு மணிக்குப் பார்த்தால் 6. நான்கேகாலுக்கு 5. சரியாகிவிட்டது அல்லவா? சரியாகிவிட்டதை எதற்குப் பதினொன்று என்று... ஐயோ. ரப்பரை எடுத்தேன். தேய்த்தேன். ஐந்து என்று எழுதினேன்.

உள்ள இருந்தது இன்சுலின். ரெண்டரை மணி நேரம். கெட்டுப் போயிருக்குமா? போயிருக்காது. ஒரு தர்ப்பூசணியால கெட்டுப் போகுமா என்ன? போகாது. எனக்கு எப்படித் தெரியும்? நான் கணக்கு வாத்தியார்!

இன்று காலை பதினோரு மணிக்கு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மருமகள் அந்தத் தட்டிலிருந்து ஒரு பெட்டி எடுத்துப் போஸ்ட்மாஸ்டரிடம் கொடுத்தாள். "வரேன் வாத்தியாரே" என்றார். வாய் திறந்தேன். "வெயில்ல பார்த்துப் போங்க" என்றுதான் வந்தது.

மார்ச் 12, வியாழன்

சோற்றை அளைந்துகொண்டிருந்தேன். மனைவி எதிரில் உட்கார்ந்து, "அன்னிக்கு வாங்கின தர்ப்பூசணி எங்கங்க?" என்றாள்.

"ஆட்டுக்குப் போட்டேன்."

"எந்த ஆட்டுக்கு?"

"தெரு ஆட்டுக்கு."

"காசு கொடுத்து வாங்கினதை?" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனாள். இவள் கேள்வியை நிறுத்தினால் பதில் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

சொன்னால் என்ன ஆகும்? ஆய்வாளர் வருகிற நேரத்தில், குறைகளைத் தீர்த்துவைக்க வந்தவனே பத்தாவது குறையாகிவிடுவேன். லைசென்ஸ் போனால் என்னால்தான் போகும். சொல்லாவிட்டால்? நோட்டு பளிச்சென்று இருக்கும். கடை இருக்கும். போஸ்ட்மாஸ்டர்—

போதும். விளக்கை அணைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் டைரியைத் திறந்தேன். பதினொன்றாம் தேதிப் பக்கத்தின் ஓரத்தில், என் கையெழுத்து இல்லாத கையெழுத்தில், பென்சிலில் இரண்டு வார்த்தை: "சொல்லித் தொலைங்க."

கீழே இறங்கிப் போனேன். கடை திறக்க இன்னும் அரை மணி இருந்தது. மருமகள் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், வீட்டுப்பாடம் செய்யாதவன் மாதிரி, தர்ப்பூசணியில் ஆரம்பித்து ரப்பரில் முடித்தேன். அவள் கையில் இருந்த துணி நின்றுவிட்டது.

"எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்?"

"ஒண்ணுலேருந்து மூணரை."

மீட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான். அது விளக்குப் போடுவதற்கு என்று நினைத்திருந்தேன். அழுத்தினாள். 11.4 என்று காட்டியது. மீட்டரில் பழைய பதிவைக் கடைசியாக நீக்கிய நாளிலிருந்து ஏறிய அதிகபட்சச் சூட்டை அது ஞாபகம் வைத்துக்கொண்டே இருக்குமாம். மூன்று நாளாக என் தலைக்கு மேலேயே, நான் எழுதிய ஐந்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"தினமும் காலைல நானே அழுத்திப் பார்க்கணும். ஓடற ஓட்டத்துல விட்டுட்டேன். என் தப்பும் இருக்கு" என்றாள்.

பிறகு அவள் வேலை செய்த வேகம்! இன்சுலின் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு, "விற்கக் கூடாது" என்று எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜிலேயே தனியாக வைத்தாள். கம்பெனிக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று எழுதி அனுப்பினாள். விற்பனைச் சீட்டுகளைப் புரட்டினாள். வெளியே போனது ஒரே பெட்டி.

"கெட்டுப் போச்சாம்மா?" என்றேன்.

"கெட்டுப் போச்சுன்னு சொல்லல மாமா. கெட்டுப் போகலன்னு என்னால சொல்ல முடியல. அதுக்குத்தான் அந்த நோட்டே."

பிறகு நோட்டைத் திறந்தாள். விரலால் தடவினாள். விரலில் கரி ஒட்டியது.

"மாமா... பென்சிலா?"

அது வேறு. என் சனிக்கிழமை முறையைப் பெருமையாகத்தான் விளக்கினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பார்த்ததை, பார்த்த இடத்தில், பார்த்த நேரத்தில், பேனாவால், அப்படியே எழுத வேண்டுமாம். 4.7 என்றால் 4.7. அழகுபடுத்தி எழுதினால் அது பதிவு இல்லையாம்.

"அப்ப தப்பா எழுதிட்டா?"

"ஒரே கோடு. கீழ இருக்கறது படிக்கற மாதிரி. பக்கத்துல சரியானது, ஏன்னு காரணம், இன்னிக்குத் தேதி, உங்க கையெழுத்து."

ஐந்தின் குறுக்கே கோடு போட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் நோட்டில் ஓர் அடித்தல். பக்கத்தில் எழுதினேன்: 11.4. நான் வைத்த தர்ப்பூசணியால் கதவு மூடவில்லை. முதலில் 11 என்று எழுதி, அழித்து, 5 என்று மாற்றினேன். மார்ச் 13. கையெழுத்து. முன் பக்கங்களிலும், எல்லாம் முழு எண்ணாக்கிப் பின்னால் பேனாவால் எழுதியவை என்று ஒரு குறிப்பு.

எழுதி முடித்து மை காய ஊதினேன். மருமகள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"போஸ்ட்மாஸ்டர் வீட்டுக்கு நான் போறேன்" என்றேன். ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. ஊருக்குப் போயிருக்கிறார், நாளைக் காலை வருவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மார்ச் 14, சனி

போனேன். கதவைத் திறந்தவர், "அடடே, வாத்தியாரே வீடு தேடி வந்துட்டீங்க! யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"உங்களுக்குத்தான். அந்த இன்சுலின் பெட்டியைப் பிரிச்சீங்களா?"

"இல்லையே. பழசு இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கு. ஊருக்கு அதைத்தான் எடுத்துட்டுப் போனேன். ஏன்?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார். "தர்ப்பூசணியா? வாத்தியாரா? அஞ்சுக்கு அஞ்சு வாங்கின ஃப்ரிட்ஜா?" மூச்சு வாங்க நின்றவர் சட்டென்று கையை ஆட்டினார். "அட, விடுங்க. ஒண்ணும் ஆகியிருக்காது. உங்க கடையில கொஞ்சம் சூடாயிருந்தாலும் நான் இங்க பத்திரமா வெச்சிருக்கேன். காட்டறேன் வாங்க."

ஃப்ரிட்ஜைத் திறந்தார். இல்லை, ஃப்ரிட்ஜை இல்லை. அதன் மேல் கதவை. ஐஸ் கட்டித் தட்டுக்கும் உறைந்த பட்டாணிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது பெட்டி.

"ஐஸ் பெட்டியில ஏன் வெச்சீங்க?"

"குளிர்ல வைக்கணும்னு உங்க மருமகதான் சொன்னா. நான் நல்ல குளிர்ல வெச்சேன்."

மருமகளுக்கு அங்கிருந்தே ஃபோன் செய்தேன். அவள் குரலே மாறிவிட்டது. உறைந்துபோன இன்சுலினைத் தொடவே கூடாதாம். உருகியதும் பார்க்கச் சாதாரணமாக இருக்கும், வேலை செய்யும் என்று நம்பவே முடியாதாம். இதற்கு முன் வாங்கியதை எங்கே வைத்திருந்தார் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். அதெல்லாம் அவர் மனைவி கீழ்த் தட்டில் வைத்ததாம். இவர் தானாக வைத்தது இதுதான் முதல் முறை.

போஸ்ட்மாஸ்டர் பெட்டியை வெளியே எடுத்தார். பிறகு, "நீங்க சூடாக்கினீங்க, நான் உறைய வெச்சேன். சராசரி போட்டா சரியா வராதா வாத்தியாரே?" என்றார்.

"வராது" என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு, மருமகள் வேறு கடையில் சொல்லி வைத்த புதுப் பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். கீழ்த் தட்டில் வைக்கும்வரை அங்கேயே நின்றேன்.

மார்ச் 17, செவ்வாய்

வந்துவிட்டார்.

ஆய்வாளர்தான். ஐம்பது வயதிருக்கும் அம்மா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறவர். ஆனால் அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டு எடுத்த பெட்டியின் தேதியைக் கண்ணாடி இல்லாமலே படித்தார். காலாவதி வரிசை சரி. ஒதுக்கிய மருந்துகளுக்குத் தனி டப்பா, சரி. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றுக்கு நோட்டு, சரி.

ஃப்ரிட்ஜ் நோட்டை அவர் கேட்குமுன் மருமகளே எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். "மேடம், இதுல ஒரு விஷயம் நடந்திருக்கு. நாங்களே எழுதியிருக்கோம்."

ஆய்வாளர் படித்தார். பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். ரப்பர் தேய்த்த இடம் பளபளத்தது. "இந்தக் கையெழுத்து யாரு?"

எழுந்து நின்றேன். ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. "நான்தான் மேடம்."

"என்ன வேலை பார்த்தீங்க சார்?"

"கணக்கு வாத்தியார்."

"அதான் எல்லாம் அஞ்சு அஞ்சா நிக்குதா? நிஜ ஃப்ரிட்ஜ் இப்படி இருக்காது சார். கதவைத் திறந்து மூடறப்ப ஏறும், இறங்கும். இவ்வளவு ஒழுங்கா ஒரு நோட்டைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம்தான் வரும்." பக்கத்தைத் தட்டினார். "லைசென்ஸை நிறுத்தணும்னா இந்த ஒரு பக்கம் போதும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். தப்பு பூரா என்னோடது. அந்தப் பொண்ணோட..."

"மாமா, நோட்டு என் பொறுப்பு. நான் தினமும் பார்த்திருக்கணும்" என்றாள் மருமகள்.

ஆய்வாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே போன பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். ஐஸ் பெட்டிக் கதையைச் சொன்னோம். எழுதிக்கொண்டே இருந்த பேனா அங்கே நின்றது. மறுபடி ஓடியது.

"நோட்டு எழுதறவருக்குப் பயிற்சி கொடுத்ததுக்கு அத்தாட்சி இல்ல. அது பெரிய குறை. சொல்லிக் கொடுத்து, பரீட்சை வெச்சு, அந்தப் பேப்பரை ஒரு வாரத்துல அனுப்புங்க. மத்ததை மேலிடத்துல முடிவு பண்ணுவாங்க."

படியிறங்கும்போது திரும்பினார். "தர்ப்பூசணி எப்படி இருந்துச்சு சார்?"

"நான் சாப்பிடவே இல்ல மேடம்."

"பாவம்" என்றார். அந்தப் பாவம் எனக்கா, லைசென்ஸுக்கா என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை.

மார்ச் 21, சனி

பரீட்சை. கண்காணிப்பாளர்: மருமகள். பத்துக் கேள்வி. எதிர் நாற்காலியில் பேத்தி, நான் காப்பி அடிக்கிறேனா என்று பார்க்க.

எட்டரை வாங்கினேன். காலாவதியான மருந்தை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாதிதான் எழுதினேன். மின்சாரம் நின்றால் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறந்து பார்ப்பேன் என்று எழுதிவிட்டேன், திறக்கவே கூடாதாம். கையெழுத்து அழகுக்கு ஒரு மதிப்பெண் கேட்டேன்.

"அந்த வழக்கத்தாலதான் மாமா இவ்வளவும்" என்றாள்.

மார்ச் 24, செவ்வாய்

மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே மருமகள் கவுன்ட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறாள். நானும் ஒரு துணி எடுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

இரண்டு கடிதங்கள், ஒரே நாளில்.

முதலாவது கம்பெனியிடமிருந்து. அவ்வளவு சூடு, அவ்வளவு நேரம் என்றால் பாதிப்பில்லை, ஒதுக்கி வைத்த மருந்தை விற்கலாமாம். மருமகள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்படியென்றால் இத்தனை பெட்டியில் உண்மையில் வீணானது ஒன்றே ஒன்று. நான் போகாமல் இருந்திருந்தால் போஸ்ட்மாஸ்டர் இரண்டு நாள் கழித்து அதைத்தான் உருக வைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டாவது அரசாங்கக் கடிதம். அவளால் பிரிக்க முடியவில்லை. நான் பிரித்தேன். எச்சரிக்கையோடு லைசென்ஸ் தொடர்கிறது. ஆறு மாதத்தில் மறு ஆய்வு. மருமகள் கவுன்ட்டருக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருடத்தில் அவள் கடையில் உட்கார்ந்து நான் பார்த்தது இன்றுதான்.

"எழுந்திரும்மா, மணி மூணரை" என்றேன். மீட்டரில் 6.2. பேனாவால் 6.2 என்று எழுதினேன்.

மாடிக்கு வந்து இந்த டைரியில் பத்தாம் தேதியைத் திருப்பினேன். "ஃப்ரிட்ஜ் ஐந்து" என்பதன் மேல் ஒரே கோடு. பக்கத்தில்: 11.4, தேதி, கையெழுத்து.

ஆறாம் வகுப்புக்காரி, உன் கேள்விக்கு இப்போது பதில் தெரியும். நான் அழித்த பதினொன்று எங்கேயும் போகவில்லை. மீட்டருக்குள் இருந்தது, காகிதத்தின் பளபளப்பில் இருந்தது, போஸ்ட்மாஸ்டர் வீட்டு ஐஸ் பெட்டியில் பட்டாணிக்குப் பக்கத்தில் இருந்தது.

மாவுக் கையோடு இதைப் படிப்பவருக்கும், வேறு யார் படித்தாலும் அவருக்கும்: அடுத்த முறை எதையாவது தப்பாக எழுதிவிட்டால் ரப்பரைத் தேடாமல், கீழே இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதையும் தேதியையும் எழுதிப் பாருங்கள்.